மிஸஸ் டாயிலுக்குப் பூசிய விபூதி

லிவர்பூல்,
19-2-1983

சௌபாக்கியவதி ஜானுவுக்கு அக்காவின் ஆசிகள். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

நர்சிங் ஹோமில் நோயாளிகளுக்கு ஜெபம் வாசிக்கப் போய்வருகிறேன். என் கான்வென்ட் இங்கிலீஷைக் கேட்டு அங்கே யாரும் சிரிப்பதில்லை. வீட்டில் பேரன்கள் சிரிக்கிறார்கள்.

புதனன்று ஒரு வேடிக்கை. அன்று கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். பனியில் பாதிரியார் வரவில்லை. சாகக் கிடந்த மிஸஸ் டாயில் சாம்பல் கேட்டு அழுதாள்.

"அம்மா, உங்க பையில விபூதி இருக்குல்ல? அதையே பூசிவிடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் நம்மூர் நர்ஸ் சலேத்.

மீனாட்சி கோயில் விபூதியை எடுத்தேன். கை பழக்கத்தில் மூன்று பட்டை இழுத்துவிட்டது.

"ஐயையோ, சிலுவைம்மா!"

பட்டையின் மேலேயே ஒரு கோடு கீழிறக்கினேன். டாயில் என் கையை வெகுநேரம் விடவில்லை. மறுநாள் போய்விட்டாள். அவள் மகன் அதற்கும் மறுநாள்தான் வந்தான்.

பொட்டலம் தீர்ந்துவிட்டது. பதில் எழுதும்போது கொஞ்சம் விபூதி மடித்து வை. அது எப்போதும் என் பையில் இருக்கும் என்று சலேத்திடம் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளை சிவசங்கரனுக்கு ஆபீஸ் வேலையே சரியாக இருக்கிறது, அவனிடம் சொல்லவில்லை.

எனக்கு மூன்று பட்டை போதும், கோடு வேண்டாம் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் அக்கா,
பாலாம்பாள்