தாய்மாமனுக்கு மட்டும் ஒரு பத்திரிகை

சிதம்பரம், ஆவணி 12, வியாழன்

குமாரின் தங்கை கல்யாணப் பத்திரிகை. பிழை பார்க்கத்தான் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பினேன். அந்த மடையன் அதையே ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். தாய்மாமன் பெயரை அவன் எழுதிக் கொடுக்கவே இல்லை.

காலையில் அந்த மாமா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து என் அச்சகத்தில் நின்று கத்தினார். "எம் பேர எவன்டா எடுத்தது?" பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதே!

சாயங்காலம் குமார் வந்தான். "அண்ணே, மாமா பேரு போட்டு ஒண்ணே ஒண்ணு அடிச்சிக் குடுங்க. மத்தவுங்களுக்கெல்லாம் போன்லயே போயிடுச்சி."

ஒன்று! மெஷினில் மை சீராவதற்கே அதைவிட அதிகத் தாள் வீணாகும். "வெளிய போடா" என்றேன்.

பிறகு அடித்தும் கொடுத்தேன். மாமா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அடியில் இருந்த என் அச்சகத்தின் பெயரை எடுத்துவிட்டேன்.