ஏழு பாட்டில் ஈக்கள்

ஜீயபுரத்திலிருந்து வந்த பூவன் வாழைத்தார் ஒரேயடியாகப் பழுத்துவிட்டது. இன்று காலை சமையலறையில் அந்தப் புளித்த இனிப்பு வாசனை. பழத்தைச் சுற்றிப் பொடி ஈக்கள். விரட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது.

திருச்சியில் ஒரே கல்லூரியில் நாம் இருவரும் விலங்கியல் ஆசிரியைகள். நான் பொன்மலையிலிருந்து வருவேன், நீ ஸ்ரீரங்கத்திலிருந்து. உன் முனைவர் ஆய்வுக்காக இந்த ஈக்களை இரண்டு விதமாக வளர்த்தாய். பெரிய ஜாடியில் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டம். சின்ன பாட்டில்களில் தலைமுறைக்கு இரண்டே ஜோடி. போகப்போக பாட்டில்களில் முட்டை குறைந்தது. ஒன்றில் சிறகு வளைந்தது, இன்னொன்றில் கண் சிறுத்தது. ஜாடி மட்டும் செழித்தது.

"ஜாடியில மரபணு மாறவே மாறாதா?" என்று கேட்டேன்.

"மாறற வேகம் ரெண்டுலயும் ஒண்ணுதான். பெரிய கூட்டத்துல ஒரு கோளாறு வந்தா மெல்லக் கழிஞ்சுடும். நாலே பேர் இருக்கற எடத்துல அதுவே குடும்பச் சொத்தாயிடறது" என்றாய்.

ஆய்வின் நான்காம் வருட மே மாத விடுமுறையில், தினமும் எண்ணுவதற்காக பாட்டில்களை வீட்டுக்கு எடுத்துப் போய் வெயில் தாக்காமல் ஈரமணல் தொட்டியில் வைத்துக் காத்தாய். ஜாடி கல்லூரியில், அறைச் சாவி என்னிடம். நான் துறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டேன். கரண்ட் போய் ஏசி நின்றிருக்கிறது. வந்து கதவைத் திறந்தால், உன் நான்கு வருட உழைப்பு ஜாடியின் அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தது.

போனில் சொல்லும்போதே அழுதுவிட்டேன். நீ பாட்டில்களை எண்ணுவது கேட்டது. பிறகு, "எங்க ஆத்துல ஏழு பாட்டில் மிச்சம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வேற வேற கோளாறு. ஏழையும் ஒண்ணாக் கலந்துடறேன்" என்றாய்.

"வேணாம்டி. அதுவும் போச்சுன்னா உன் கையில ஒண்ணுமே இருக்காது."

"தனித்தனியா விட்டா எப்படியும் போயிடும். ஒண்ணுல கெட்டுப்போனது இன்னொண்ணுல நன்னா இருக்குமே."

கலந்தாய். அடுத்த தலைமுறை வெளிவந்த அன்று நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளினாய். எல்லாம் நேரான சிறகுகள். மாதங்கள் போகப் புது ஜாடி நிரம்பியது. வளைந்த சிறகு எப்போதாவது தலைகாட்டியது, பரவவில்லை. அழிந்த கூட்டத்தை விட்டுவிட்டு மீண்ட கூட்டத்தைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினாய். இழந்ததை உதறிவிட்டு, கையில் மிஞ்சிய குறைகளையே மூலதனமாக்கிய அந்தத் துணிச்சல் எனக்கு வாய்த்ததில்லை.

ஒன்று உன்னிடம் சொல்லவே இல்லை. கரண்ட் போனதை கல்லூரி வாட்ச்மேன் அன்றே கல்யாண வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். கரண்ட் தானே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். நீயும் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கும் சாவியை என்னிடமே நீட்டினாய்.

அதன் பிறகு எந்த மே மாதத்திலும் நான் ஊரைத் தாண்டியதில்லை. நீ இல்லாத இந்த வருடமும் தினம் ஒருமுறை போய் அறையைத் திறந்து பார்த்தேன்.