பழைய வீட்டுக்குப் போன ஆம்புலன்ஸ்

அன்பு வாலுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே தாத்தாவும் நானும் சுகம். சுகம் என்றால், தாத்தா சுகம், நான் ஓர் இடத்தில் தங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், நடுவே போய், பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ எடுத்தவுடன் எழுதி முடிச்சாச்சா என்று கேட்கிறாய், நான் கிட்டத்தட்ட என்கிறேன், அதற்கு மேல் அந்தப் பேச்சு நகர்வதில்லை. கிட்டத்தட்ட என்பது பொய். ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதி மாதக்கணக்கில் ஆகிறது. படிப்பைத் தொடரப் போகிறேனா, விடப் போகிறேனா என்று நாளைக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், சரி, எழுத நின்றேன்.

இதில் என்னைப் பிடித்துத் தள்ளியவள் நீதான், அதை மறந்துவிடாதே. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து அவ்வளவு தூரம் கிளம்பியபோது, நான் போயிட்டா உனக்கு யார்கூடச் சண்டை, பத்தொன்பது வயசுல என்னைப் பெத்து, பி.ஏ.வோட விட்ட படிப்பை இப்ப பிடி என்று, மொழியியல் எம்.ஏ.வுக்கு நீயே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்னிடம் சொன்னாய். முதல் வருடம் முழுக்க நூலகத்தில் மேய்ந்தேன், யாரிடமும் பங்குபோட விரும்பாத சந்தோஷம் அது. ஆய்வுக்கு நான் எடுத்ததும் எங்கோ தேடிப் பிடித்த விஷயமில்லை, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்பதுதான். ஆபத்தில் இருப்பவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள்? ஒருவர் பச்சை கேட் போட்ட வீடு என்பார், ஊரில் பாதி கேட் பச்சைதான். ஒருவர் மாமா வீட்டில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்வார், யாருடைய மாமா என்று நாங்கள் பிடித்து இழுக்க வேண்டும். இன்னும் சிலர், காலி செய்து வருடங்களான வீட்டின் விலாசத்தைக் கதவு எண்ணோடு தெளிவாக ஒப்பிப்பார்கள். மூன்றாம் அத்தியாயம் அவர்களைப் பற்றியது. அனுமதி வாங்கி, பெயரெல்லாம் நீக்கிய பழைய அழைப்புகளை எழுத்தாக்கி வைத்திருக்கிறேன்.

தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்ததும், இடுப்பெலும்பில் விரிசல் விட்டதும், ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனதும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. பணிக்கு உட்காரும் முன் எங்கள் போனை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அதனால் எனக்கு அடித்துப் பார்த்துவிட்டு அவர் ஆம்புலன்ஸுக்கே அடித்திருக்கிறார். எடுத்தது நான் இல்லை, என் பக்கத்து இருக்கை அண்ணன். செல்போன் அழைப்பு, இடத்தைச் சரியாகக் காட்டவில்லை, ஆனால் பேசியவர் விலாசத்தை அத்தனை தெளிவாகச் சொன்னதால் அண்ணன் அதை நம்பி வண்டியை அனுப்பிவிட்டார். வண்டியில் போனவர்கள், இங்கே யாரும் விழவில்லை, ஒரு குடும்பம் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அண்ணன் தெருவையும் கதவு எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். நீ தவழ்ந்த வீடு அது. நான் எழுந்து நின்றதும், இப்போதைய விலாசத்தைச் சொன்னதும் நினைவிருக்கிறது, என்ன குரலில் சொன்னேன் என்று நினைவில்லை. அதற்குள் அவர் ஈரத் தரையில் கிடந்த நேரம் கூடிப்போய்விட்டது. வண்டி எங்கே சுற்றிவிட்டு வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால், புத்தி தடுமாறிவிட்டது என்று ஒடிந்துபோவாரோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து என் எழுத்துப்படிகளில் எந்தப் பெரியவர் பேசினாலும் தாத்தாவின் குரல்தான் கேட்கிறது. ஒரு பக்கம் படிப்பேன், எழுந்து போய் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வந்தால் படித்த பக்கம் எதுவென்று தெரியாது.

போதும், விட்டுவிடலாம் என்று முடிவுசெய்துதான் நேற்று பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வேலை, வீடு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கென்று அங்கே ஓர் உதவிப் பிரிவு இருக்கிறது, இளவட்டங்கள் அதைப் பெருசுங்க ரூம் என்பார்கள். எழுதியதைத் திருத்தித் தர ஆள், கைக்குழந்தையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக ஒரு விளையாட்டறை, மனம்விட்டுப் பேச ஒருவர், கெடுவைத் தள்ளிப்போட வழி என்று வாசலில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான அந்த அறையை வேலை விடும் நேரத்துக்கு முன்பே பூட்டிவிடுவார்கள் என்பதுதான் வேடிக்கை, இதுவரை நான் பார்த்ததெல்லாம் அந்தப் பூட்டைத்தான். நேற்று பணி நேரத்தை மாற்றிக்கொண்டு மதியமே போய்விட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை. முன்பக்க நாற்காலிகளில் எல்லாம் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், மேசைக்குப் பின்னால் ஒன்றுதான் காலி. மேசைமேல் ஒரு ஹெட்போன் வேறு கிடந்தது. பழக்கதோஷம், ஹெட்போன் இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்து, நின்றபடியே கொட்டத் தொடங்கிவிட்டார். கணக்கில் பட்டம் படிக்கிறாராம், தேர்வு எழுத முடியவில்லையாம், மகள் கேலி செய்கிறாளாம், டிப்போவில் மேலாளர் முறைக்கிறாராம், எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமாம். நான் ஆலோசகர் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூச்சு வாங்கப் பேசுகிற ஆளை நடுவில் வெட்டுவது எங்கள் வேலையில் பெரிய பாவம். வாய் தானாக, பதறாமச் சொல்லுங்க, இப்ப எங்க இருக்கீங்க என்று கேட்டுவிட்டது. அவர் குழம்பிப்போய், உங்க முன்னாடிதாங்க என்றார். படிப்பில் எங்கே இருக்கிறீர்கள் என்று சமாளித்தேன். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க விஷயம் சுருங்கிக்கொண்டே வந்தது. பாடம் பிடித்திருக்கிறது, கேலி செய்கிற மகள்தான் சந்தேகமும் தீர்த்து வைக்கிறாள், தேர்வுகள் அவர் வண்டியோட்டும் காலை நேரத்தில் வருகின்றன, அவ்வளவுதான். அப்படியானால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், ஏன் நிறுத்துகிறீர்கள் என்றேன். மேடம் சொன்னாச் சரிதான் என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டபோதுதான் கவனித்தேன், வாசலில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு பெண் நிற்கிறாள். உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். அவள்தான் நிஜ ஆலோசகர். மாலைத் தேர்வு உண்டு என்று அவரிடம் உறுதி சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, அக்கா, அது என் சீட்டு என்றாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தாள்.

சரி, நீங்க எதுக்கு வந்தீங்க என்றாள். அந்த மனிதர் இன்னும் படிகூட இறங்கியிருக்க மாட்டார், நிறுத்த வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது. நேரமில்லை என்று ஆரம்பித்தேன். பகுதிநேரத்துக்கு மாற்றினால் கெடு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றாள். வீட்டில் உடம்பு முடியாதவர் இருக்கிறார் என்றேன். அப்படிப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தனிச் சலுகையே உண்டு என்றாள். என் ஆய்வு வழிகாட்டி, அத்தியாயம் எங்கே என்று தினமும் கேட்டு அனுப்புகிறார் என்றேன், அவரிடம் நானே பேசுகிறேன் என்றாள். நீங்கள் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறீர்களே என்றதற்கு, கதவைப் பூட்டத்தான் விதி இருக்கு, போனை எடுக்கக் கூடாதுன்னு விதி இல்லை என்றாள். கையிலிருந்த சாக்கை எல்லாம் இப்படிப் பிடுங்கிக்கொண்டால் மனுஷி என்ன செய்வாள்? தாத்தாவின் அழைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன், உன்னிடம்கூடச் சொல்லாததை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். இது எங்க ரூம்ல தீர்ற விஷயம் இல்லக்கா, முதல்ல அப்பாகிட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் விடறதா வேண்டாமான்னு யோசிங்க என்றாள். இதற்கா ஓர் உதவிப் பிரிவு என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்று காலை தாத்தாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா வந்திருந்தார். அவர் கிளம்பும்போது, பிள்ளையை நல்லாப் படிக்கச் சொல்லுங்க, உள்ள பிள்ளை படிக்குது, சத்தம் போட்டு எண்ணாதீங்கன்னு ஐயா என்னை அதட்டிக்கிட்டே இருந்தார் என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். காலேஜ் படிக்கிற பேத்தி உள்ளே இருப்பதாக நினைத்திருக்கிறார், அந்தப் பிள்ளை நான்தான் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. அவர் போன பிறகு தாத்தா வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் நடக்க, நான் மடித்த துண்டையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு, வண்டி முதலில் எங்கே போனது என்று சொல்லிவிட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை. சுவர்வரை போய்த் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"விலாசம் சரியாத்தானே சொல்லியிருக்கேன். ஆளுதான் அங்க இல்ல," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. ஒடிந்துபோகவெல்லாம் இல்லை, நன்றாகக் கோபம்தான் வந்தது அவருக்கு. அந்த வீட்டு விலாசத்தை அலுவலகத்தில், வங்கியில், உன் பள்ளிக்கூடத்தில், சிலிண்டர்காரரிடம் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "இந்த வீட்டு விலாசத்தை என்னை யாரு சொல்லவிட்டா? எங்க போனாலும் எனக்கு முந்தி நீயே சொல்லிடற," என்றார். துண்டை அப்படியே வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில், மருந்துக் கடையில், அந்த உடற்பயிற்சி அம்மாவிடம்கூட, அவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தானே பதில் சொல்லியிருக்கிறேன். அவர் மறந்தார் என்று இத்தனை நாள் நினைத்தேன், அவர் வாயில் இந்த விலாசம் ஏறவே இல்லை. என் எழுத்துப்படிகளில் இருக்கும் எத்தனை பேருக்கு இப்படி யாரோ அன்பாகக் குறுக்கே பேசியிருப்பார்களோ. இதை ஆய்வில் எழுதட்டுமா என்று கேட்டேன். தன் பேர் வருமா என்றார். வராது, அழைத்தவர் என்று மட்டும்தான் வரும் என்றேன். விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டது நான், பேர் உனக்கா என்று முறைத்துவிட்டு, சரி, கத்தினேன்னு மட்டும் போடாதே, தெளிவாப் பேசினார்னு போடு என்று அனுமதி கொடுத்தார்.

அதற்கப்புறம் அரைப் பக்கம் எழுதினேன். நன்றாக வரவில்லை, ஆனால் அரைப் பக்கம். நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நிறுத்தவில்லை, பகுதிநேரத்துக்கு மாற்றிவிடு என்று சொல்லப் போகிறேன். அதனால் மனசு அடங்கிவிட்டது என்று நினைக்காதே. சொந்த அப்பாவின் அழைப்பைச் சேர்க்க வழிகாட்டி ஒப்புக்கொள்வாரா, அடுத்த மாதப் பணி நேரம் எப்படி வரும், நான் இல்லாத நேரத்தில் இவர் குளியலறைப் பக்கம் போகாமல் இருப்பாரா, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, நானும் இன்னும் உட்காரவில்லை. ஆனால் அடுத்த தடவை நீ எழுதி முடிச்சாச்சா என்று கேட்டால் இல்லை என்று சொல்வேன், அதைக் கேட்டுக்கொள். தாத்தா மதியத்திலிருந்து நம் விலாசத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ராகம் போட்டு, எனக்குக் கோபம் வர வேண்டுமென்றே.

ஈரக் கையோடு மின்சாரப் பெட்டியைத் தொடாதே. மேஸ்திரி திட்டினால் திட்டட்டும், பட்டை மாட்டாமல் ஏறாதே. போன மாதம் அறை மாறினாயே, அந்தப் புது விலாசத்தைக் கதவு எண், தெரு, எந்த மாடி என்று தினமும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். யாராவது கேட்டால் கூட இருக்கிறவர்களைச் சொல்ல விடாதே, நீயே சொல். அவசரத்தில் இந்த வீட்டு விலாசம் உனக்குச் சொல்லிப் பார்க்காமலே வாயில் வரும், நீ கூப்பிட்டால் நான் இங்கே எழுந்தும் நிற்பேன், ஆனால் நீ அங்கே அல்லவா இருப்பாய்.

எல்லா நலமும் உன்னைத் தேடி, சரியான வாசலுக்கே வரட்டும். தாத்தாவின் ஆசீர்வாதமும் உண்டு, அதை அவரே சொல்வாராம், நான் எழுதக் கூடாதாம்.

முத்தங்களுடன்,
இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும்
உன் அம்மா