கிளிபோட்டுக்கு நற்சாட்சி

ஸ்காபரோ, கனடா
9.2.1997

அன்புத் தங்கச்சி நதீஷாவுக்கு,

மடு மாதாவின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். பொலிஸ் செக்கிங்குக்குப் பயந்து நீயும் பிள்ளையும் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதாக எழுதியிருந்தாய். வாசித்தேன், அழுதும் முடித்துவிட்டேன். இனி நான் எழுதுவதை நீ அழாமல் வாசி.

உன் மனுசன் கிளிபோட்டின் அலுவல் சரிவராது. அவரை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தாலும், நிரந்தர வதிவுரிமை கிடைத்தால்தான் உங்களை அவர் கூப்பிடலாம். அதற்கான பாதுகாப்புச் சோதனையில்தான் கோப்பு இவ்வளவு காலமும் படுத்திருந்தது. நான் எம்.பி.யின் கந்தோரில் வேலை செய்வதை நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். நீ தந்த கரைச்சலில், சொந்தம் என்று காட்டாமல், தொகுதியில் இருக்கிற ஒருவர் என்று சொல்லி எம்.பி.யைக் கொண்டு கேட்க வைத்தேன்.

எம்.பி.மாரோடும் எங்களைப் போன்ற உதவியாளரோடும் கதைப்பதற்கென்றே புலனாய்வுக்காரர் ஓர் அதிகாரியை வைத்திருக்கிறார்கள். அவர் வந்தார். நல்ல சிரித்த முகம். தனி ஆட்களின் கோப்பைப் பற்றித் தான் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் சொல்வதைக் கேட்கலாம் என்றார்.

நான் விடுவேனா? கலியாணம் பேசுகிற வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னேன். ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவுகிறவர், வாய் திறக்காதவர் என்றால் யார் மதிப்பார்கள்? ஊர்ச்சங்கத்தின் தூணே கிளிபோட்தான், அவர் ஒரு சொல் சொன்னால் நூறு பேர் மண்டபத்துக்கு வருவார்கள், பெடியன்கள் எல்லாம் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றேன். அதிகாரி தலையாட்டிவிட்டு, எந்த நூறு பேர் என்று கேட்டார். அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் கிளிபோட்டை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த நூறு பேரும் யார், எதற்காகக் கூட்டினாய், புலிகளுக்காகவா என்று பின்னேரம் வரை கேட்டார்களாம். சேர், நான் சங்கத்தில தேத்தண்ணி மட்டும்தான் ஊத்திறனான் என்று உன் மனுசன் சொன்னாராம். எம்.பி.யின் கந்தோரே உன்னைத் தலைவன் என்கிறது, நீ ஏன் மறைக்கிறாய் என்று அதிலேயே பிடித்துக்கொண்டார்கள். பொய்யன் என்று எழுதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, மச்சாள், என்னை ஏன் பெரிய ஆளாக்கினனீங்கள் என்று என்னையே கேட்கிறார். நன்றி கெட்ட மனுசன். சமாளித்து நாலு வார்த்தை சொல்லத் தெரியாத ஆளுக்கு நான் என்ன செய்ய?

பிறகு அதே அதிகாரி எம்.பி.யைத் தனியாகச் சந்தித்து, நட்புக்காகச் சொல்கிறேன், இப்படிப்பட்டவர்களோடு உங்கள் கந்தோர் ஆட்கள் நெருங்காமல் இருப்பது நல்லது என்றாராம். தேர்தல் வரப்போகிறது, எம்.பி. வெலவெலத்துப் போனார். என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் உனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை, ஒரே ஊர், கோயிலில் கண்ட முகம் என்றேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நதீஷா.

சொந்தமில்லாத ஆளை எங்கள் பேஸ்மென்டில் வைத்திருக்க முடியுமா? அன்றே சாமான்களைக் கட்டச் சொல்லிவிட்டேன். இப்போது பார்க்டேலில் யாரோ பெடியன்களோடு இருக்கிறாராம். குளிருக்கு உடுப்புக் கொடுத்துத்தான் அனுப்பினேன், அதற்கு வேறு கதை கட்டாதே.

இங்கே வருகிற எண்ணத்தை விடு. பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர். உன்னை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. எரிந்து என்ன, கந்தோருக்குப் போகத்தானே வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எழுதினால் அக்கா என்று எழுதாதே. பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கிய படம் கிடைத்தது, அப்படியே உன் சாயல். பின்பக்கத்தில் பெரியம்மாவுக்கு என்று அவள் எழுதியிருந்ததை மையால் அழித்துவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஊரைச் சேர்ந்த,
அருள்மலர்