மெலிசான உறை

ஆம்பூர், ஜூலை 8

பிரியமுள்ள ரூபவதியின் அம்மாளுக்கு,

நீ போயிருக்கிற கலவையில் உன் தம்பி மனைவிக்குப் பிரசவம் நல்லபடி ஆகியிருக்கும். இங்கே எனக்குத்தான் ஐந்து வாரமாக இடுப்புவலி. பட்டணத்து டாக்டர் படிப்புக்கு மனுப் போட்ட உன் மகள், பதில் வருமென்று வாசலிலேயே நின்றாள். தெருவே தபால்காரரை மறித்தது.

போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. தபால்காரர் தோல்கிடங்கில் என் கையில் கொடுத்தார். இருபது வருஷமாகத் தோலைத் தடவித் தரம் பிரிக்கிற விரல் அல்லவா? உறையையும் தடவினேன். மெலிசு. இடம் கொடுப்பவர்கள் பத்துத் தாள் வைப்பார்கள், இல்லையென்று சொல்ல ஒன்று போதும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவள் அழுவதைப் பார்க்கத் தெம்பில்லை. பிரிக்காமலே கழித்த தோல் அடுக்கில் செருகிவிட்டேன்.

நேற்று என்னோடு கிடங்கில் வேலை செய்கிற ரஷீத் அஹமது அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். "இன்னா தோஸ்த், பொண்ணு கடுதாசி கழிச்ச தோல்ல கெடக்குது?"

பிரித்தாள். ஒரே தாள். இடம் கிடைத்துவிட்டது, பன்னிரண்டாம் தேதிக்குள் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

"என்னையும் கழிச்சிட்டியாப்பா?" என்றாள். கடிதத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். உறை மெலிசுதான். ஆனால் மெலிசாகவே இருக்கட்டும் என்று விரல் ஆசைப்பட்டதோ என்னவோ. அவளும் போய்விட்டால் என் வம்பளப்பை யார் கேட்பது?

பதினோராம் தேதி காலை வண்டியில் கிளம்புகிறோம். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் நீயும் ஏறிக்கொள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

கட்டைவிரலை நம்பிக் கெட்ட
உன் வீட்டுக்காரன்