வாய் திறந்த கல்

அபிராமபுரம், சென்னை - 18
14.7.1994

அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு, வேதவல்லி அநேக நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத் துணிவில்லை. குழந்தை ஹம்சினிக்கு ஒரு வாரமாக வயிற்றுவலி.

போன லீவில் உங்கள் சுரங்க முகாமிலிருந்து கொண்டுவந்த கற்களில் எலுமிச்சம்பழம் அளவு கறுப்பு உருண்டை ஒன்று இருந்ததல்லவா? பரண் சுத்தம் செய்தபோது அது உங்கள் அப்பா கண்ணில் பட்டது. பக்கத்தில் ஓட்டை, உள்ளே மினுமினுப்பு. வாய் திறந்திருக்கிறது, சக்கரம் தெரிகிறது, சாளக்கிராமமேதான் என்று கண்ணில் ஜலம் விட்டார். பெருமாள் பக்கத்திலேயே எழுந்தருளப் பண்ணிவிட்டார். தினமும் திருமஞ்சனம். அந்தத் தீர்த்தம்தான் எங்கள் மூவருக்கும்.

அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தக் கல்லால் கீறினேன், கண்ணாடியில் கோடு விழுந்தது. கத்தி முனை கல்லில் ஏறவில்லை. எலுமிச்சைச் சாறு விட்டேன், பொங்கவில்லை. வெறும் குவார்ட்ஸ்தான் என்று மூச்சு வந்தது. அப்புறம் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். வெள்ளைப் படிகங்களுக்கு நடுவே ஈய நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். அப்படி இருந்தால் ஈயத்தாது, தொட்டால் கையைக் கழுவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஓடிப்போய்க் கையைக் கழுவினேன்.

அப்பாவிடம் சொன்னேன். “பெருமாள் தீர்த்தத்தைப் போய் விஷம்ங்கறயேம்மா” என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. டாக்டர் நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை குழந்தையை அடையாறில் என் சிநேகிதி ஜலஜா வீட்டில் விட்டிருக்கிறேன்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது ஜலஜா வீட்டிலிருந்து எழுதுகிறேன். மத்தியானம் அப்பாவைக் காணோமே என்று தேடி இங்கே ஓடிவந்தேன். இந்த வெயிலில், சின்னத் தூக்கில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். விஷயம் தெரியாத ஜலஜா உள்ளே காபி கலந்துகொண்டிருக்க, பேத்திக்கு வலி தீரட்டும் என்று தூக்கு முழுவதையும் குடிக்க வைத்துவிட்டார். குழந்தையும் “வலி போயிடுத்து தாத்தா” என்றாளாம். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

திருட்டுப் பட்டம் வந்தாலும் சரி, கல்லை இன்றைக்கே எடுத்துவிடுவேன். தந்தியில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் கடிதம். பதில் தந்தியாக வரட்டும். பயப்படாதே என்று அடிக்காதீர்கள், என்ன கல் என்று அடியுங்கள். நல்ல கல் என்றால் அப்பா பெயருக்கே அடியுங்கள். இல்லையென்றால் ஜலஜா விலாசத்துக்கு அடித்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். தன் கையாலேயே கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியவே வேண்டாம்.

உங்கள்
வேதவல்லி