எலிக்கா, மனுசனுக்கா

3 பிப்ரவரி 2025, திங்கள்

காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் தூளைப் பற்றி இன்று பேசினேன். நூற்றுப் பத்தாவது ஆடியோ. பகல் முழுக்கக் கஞ்சிக்கோட்டு பெயின்ட் கம்பெனி லேபில் டப்பா டப்பாவாகக் கலக்கிப் பார்ப்பவளுக்கு, காலை ஆறேகாலுக்குப் பேசும் இந்த மூன்று நிமிஷம்தான் விஞ்ஞானம். 'தினம் ஓர் ஆராய்ச்சி' குரூப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். எருத்தேன்பதியில் பாதி ஊர் என் குரலில்தான் விடிகிறது என்று ஒரு கர்வம் இருக்கிறது. இருக்கட்டுமே.

முதல் பதில் வழக்கம்போல மோகனசுந்தரம் அண்ணன். பெரியப்பா மகன், பக்கத்துத் தோட்டம். "கோமு, அந்தத் தூளு ரெண்டு கிலோ வாங்கீட்டு வா. போர்ல தண்ணி இல்ல." பின்னாடியே இன்னொன்று: "அது செரி, எலிக்குக் குடுத்துப் பாத்தாங்களா, மனுசனுக்கா?"

எப்போதோ ஒரு சர்க்கரை மருந்தைப் பற்றிப் பேசி, கடைசியில் எலிகளிடம் சோதித்தார்கள் என்றேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர் இன்னும் விடவில்லை. தூளை எதற்கு எலிக்குக் கொடுப்பார்கள்? குரூப்பே சிரிக்கிறது.

7 பிப்ரவரி

அண்ணனிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். "எப்பப் பாரு எலி எலின்னு கேக்காதீங்கண்ணா. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றேன்?"

முகம் சுண்டிவிட்டது. "செரி சாமி, இனிக் கேக்கல. நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."

"அவளெ ஏனுங்க வம்புக்கு இழுக்கறீங்க" என்று நங்கை எனக்குத்தான் பரிந்து பேசினார். (அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் நங்கை என்போம் என்றால் லேபில் கூட வேலை செய்யும் மலையாளப் பெண் டின்சி நம்பவே மாட்டேன் என்கிறாள். பூவாத்தாள் என்று பெயர் இருக்கும்போது எதற்கு என்கிறாள்.)

கொஞ்சம் ஜாஸ்தியாகப் பேசிவிட்டேனோ?

12 பிப்ரவரி

இன்றைய ஆடியோவை அறுபது பேர் வேறு குரூப்புகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! கணினிக்குள்ளேயே இருநூறு இதயங்களை உருவாக்கி, செயற்கை வால்வு பொருத்தி, ரத்தத்தை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை சிலருக்குப் பாதி அளவே போதுமாக இருக்கலாமாம். அண்ணனுக்கு வால்வு மாற்றி நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் திட்டியதற்குச் சமாதானமாக, அவருக்குப் பிடிக்கும் என்றுதான் இதை எடுத்தேன்.

முதலில் மூன்று நிமிஷம் இருபது விநாடி வந்தது. மூன்றைத் தாண்டினால் யாரும் கேட்பதில்லை. கம்பெனி வண்டி வேறு ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. கணினி என்று விளக்கிய இடத்தையும், 'நோயாளிகளிடம் இன்னும் சோதிக்கவில்லை' என்ற கடைசி வாக்கியத்தையும் விட்டுவிட்டுத் திரும்பப் பேசி அனுப்பினேன்.

சாப்பாட்டு வேளையில் டின்சி, "சேச்சி, அது கம்ப்யூட்டர் மாடல் அல்லே? நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

அண்ணன் எலிக் கேள்வி கேட்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அனுப்பியிருந்தார். அப்பாடா.

13 பிப்ரவரி

கண்ணாடி எப்படி விரிசல் விடுகிறது என்று பேசினேன். நேற்று விட்ட வாக்கியம் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை.

9 மார்ச், ஞாயிறு

அண்ணன் தோட்டத்தில் விழுந்துவிட்டார். வலது கை விளங்கவில்லை. பேச்சு இல்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வால்வில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்கிறார்கள்.

எனக்கு உடனே அந்த ஆடியோ ஞாபகம் வந்தது. இருக்காது. அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

11 மார்ச்

மாத்திரை விட்டுப்போயிற்றா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். நங்கை இல்லவே இல்லை என்றார். டெஸ்டில் வந்த ரத்தம் உறையும் கணக்கு அப்படிச் சொல்லவில்லையே என்றார் டாக்டர். வராந்தாவுக்கு வந்ததும் நங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் என்னைக்கோ மறந்துட்டனாட்ட இருக்குது கோமதி. என்ற கையாலயே இவரெ இப்படிப் பண்ணீட்டன்" என்று அழுதார்.

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

12 மார்ச்

தென்னைக்குத் தண்ணீர் விடச் சொல்லி நங்கை அனுப்பினார். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒரு தீப்பெட்டி. திறந்தால் பாதி மாத்திரைகள். இருபத்தைந்து.

பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து மார்ச் எட்டு வரை எண்ணிப் பார்த்தேன். இருபத்தைந்து நாள். ராத்திரிச் சோறு ஆனதும் நங்கை மாத்திரையை அண்ணன் கையில் வைப்பார், இவர் அதோடு மோட்டார் போடப் போவார். வீணாக்க மனசு வராமல் மிச்சப் பாதியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.

தீப்பெட்டி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. எதற்கு எடுத்தேன்? யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே? வேறென்ன.

22 மார்ச்

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். நான் பேசினால் அண்ணன் என் வாயையே பார்க்கிறார். இனி ஆடியோ கிடையாது. குரூப்பில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன், இன்னொரு பொய்.

4 ஏப்ரல்

நங்கை காலண்டரின் பிப்ரவரித் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்து, "பதினெட்டாந்தேதி வேலந்தாவளத்துக்குக் கலியாணத்துக்குப் போனமல்ல, அன்னைக்கா இருக்குமோ?" என்று என்னைக் கேட்டார். "தெரியலீங்க" என்றேன். பை என் மடியில்தான் இருந்தது. தூ, நானெல்லாம் ஒரு மனுசியா?

19 ஏப்ரல்

டின்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அன்றைக்கே சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. "சேச்சி சொல்லணும். அவங்க பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நங்கை அண்ணனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். தீப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தேன். ஆடியோவையும், விட்ட வாக்கியத்தையும், எலிக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று அண்ணன் வாயை அடைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு என்மேல் கோபமா, குட்டு வெளிப்பட்ட வெட்கமா, தெரியவில்லை.

நங்கை பாதிகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதெ எப்பப் பாத்தே?"

"மார்ச் பன்னெண்டுங்க."

"நீ ஆடியோல சொன்னது உடு. இவருக்கு எங்க போச்சு புத்தி? ஒருக்கா டாக்டரெக் கேட்டிருக்கோணும். ஆனா நாப்பது நாளா நான் அழுகறதெப் பக்கத்துல உக்காந்துட்டுப் பாத்தயே... எப்படி முடிஞ்சுது உனக்கு?"

தீப்பெட்டியை மூடினேன்.

"இனி இங்க வராதே கோமதி" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

21 ஏப்ரல்

தப்பை ஒப்புக்கொண்டு குரூப்பில் ஆடியோ போட்டேன். ஆறு நிமிஷம் ஓடுகிறது. யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். பதினேழு பேர் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்டார்களா?

18 மே

வேலி வழியாகப் பார்த்தேன். அண்ணனை நங்கை கைத்தாங்கலாக நடத்திப் போகிறார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். நியாயம்தான்.

14 ஜூன்

அண்ணன் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். எழுதியது நங்கைதான். "காத்தால ஆறேகாலானா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. பேசிப் போடு. ஊட்டுக்கு வர வேண்டாம்."

பத்துத் தடவை படித்தேன்.

16 ஜூன், திங்கள்

கிணற்றடியில் நின்று பேசினேன். காயத்தைச் சீக்கிரம் ஆற்றும் ஒரு பசையைப் பற்றிய செய்தி. எதில் சோதித்தார்கள் என்பதைத்தான் முதலில் சொன்னேன். நாலு நிமிஷம் ஆயிற்று.

ஏழு மணிக்கு அண்ணன் நம்பரிலிருந்து ஒரு ஆடியோ. மின்விசிறிச் சத்தம் கேட்டது. நங்கை, "சொல்லுங்க, மெதுவா" என்கிறார். அப்புறம் வெகுநேரம் மூச்சு மட்டும். கடைசியில் அண்ணன், "எ... எலி... யா?"

நான் முதலிலேயே சொன்னதுதான். ஆனாலும் கேட்டார். கிணற்றடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஆமாங்கண்ணா, எலிக்குத்தான். மனுசனுக்கு இன்னும் பாக்கலீங்க" என்று பேசி அனுப்பினேன். கம்பெனி வண்டி எப்போதோ போயிருந்தது. இன்றைக்கு லீவு.